குழையும் யூரியாவும்

வலிகாமத்துச் செம்மண்ணிலே வெங்காயத் தோட்டஞ் செய்தவர் என் தந்தையார். பூவரசங்குழையை வண்டிலில் ஏற்றிவந்து மண்ணுட் புதைப்பார்; குழை தாழ்த்தல் என்பது ஊர்வழக்கு. சில ஆண்டுகளில் ஆட்டுப்பட்டி அடைப்பதுமுண்டு. பின்னர் யூரியாப் பை வீட்டுக்கு வந்தது. ஒரு கிழமைக்குள் கரும்பச்சையாய் நிமிர்ந்த தாள்களைக் கண்டு அவர் வியந்து நின்ற கோலம் இன்றும் என் நினைவில் உள்ளது.

வியந்ததற்குக் காரணம் உண்டு. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஈரமான மாட்டெருவிலோ நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறாது. 50 கிலோப் பை ஒன்றுக்கு ஈடாக நாலைந்து தொன் எருவைச் சுமக்க வேண்டும். இந்தக் கணக்கை மறந்தால் யாது நேரும் என்பதை 2021ஆம் ஆண்டிலே கண்டோம். மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்ந்தும் பசளை வேளைக்குக் கிட்டவில்லை. பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது.

செடியின் வேர் சேதனம், அசேதனம் என்று சாதி பார்ப்பதில்லை. எருவாயினும் யூரியாவாயினும் நைத்திரேற்றாகவோ அமோனியமாகவோ மாறிய பின்னரே பெரும்பாலும் உட்கொள்ளுகிறது. வேறுபாடு மண்ணிலேதான். குழை மக்கினால் மண் பொலபொலத்து நீரைப் பிடித்துவைக்கும், மண்புழு பெருகும். யூரியாவுக்கு அந்தத் தொழில் தெரியாது.

வற்றாத ஆறில்லாத நமது குடாநாட்டில் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். பயிர் உண்டு எஞ்சியது மழையோடு இறங்கிக் கிணற்றைச் சேருகிறது. மலசலகூடக் குழிகளுக்கும் இதிற் பங்குண்டு. அளவு கடந்த எருவும் இதே கேட்டைச் செய்யும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் குடிநீர் எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கவல்லது.

சென்ற ஆண்டு எங்கள் கிணற்று நீரைச் சோதிப்பித்தேன். அதுவும் எல்லை கடந்திருந்தது. மகளின் குழந்தைக்குப் பால் கரைக்க இப்போது வெளியிலிருந்து நீர் வருகிறது.

தோட்டத்தை இன்று செய்பவன் என் தம்பி. அடிக்கட்டாகக் குழையும் எருவும் இட்டு, மேற்கட்டு யூரியாவைப் பாதியாக்கி, சிறுகச் சிறுக இடலாமே என்றேன்.

"அண்ணை, வெங்காயம் சிறுத்தால் கடனை ஆர் கட்டுறது?" என்றான்.

என்னிடம் விடை இருக்கவில்லை. பல நாள் வாதத்தின் பின் மூன்று பாத்திகளுக்கு மட்டும் இசைந்தான். குழை தாழ்த்தி மூன்று வாரமாகிறது. நாளை நடுகை.