ஆறு நிமிட நடை சொல்லும் சேதி

தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடக்கும் பாடசாலை வைத்தியப் பரிசோதனை கல்முனைப் பெற்றோருக்குப் பழகியதுதான். சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வருவார்கள். உயரமும் நிறையும் எடுப்பார்கள். கண், காது, பல் பார்ப்பார்கள், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார்கள். எல்லாமே அவசியமானவை. ஆனால் இவை பிள்ளை ஓய்வாக இருக்கும்போது எடுக்கும் அளவுகள். அதே பிள்ளை புத்தகப் பையோடு இரண்டு மாடி ஏறினால் எப்படி மூச்சு வாங்கும் என்று நிறை பார்க்கும் தராசு சொல்லாது. உடற் திணிவுச் சுட்டி சரியாக இருக்கும் பிள்ளை ஒருவர் ஐந்து நிமிட நடையில் களைத்துப் போகலாம். கொஞ்சம் பருமனான பிள்ளை களைப்பே இல்லாமல் நடந்து முடிக்கலாம்.

நடப்பது, ஏறுவது, குனிவது, தூக்குவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்ய உடலுக்கு இருக்கும் தெம்பைத்தான் மருத்துவர்கள் செயலாற்றல் என்கிறார்கள். விளையாட்டுப் போட்டிக்கு ஆள் தெரிவு செய்யும் வேலை வேறு. செயலாற்றலை அளப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது.

‘வருத்தம் இல்லாத பிள்ளையை ஏன் அளக்க வேண்டும்?’ என்று கேட்பது நியாயம்தான். ஆஸ்துமா உள்ள பத்து வயதுப் பிள்ளை ஆறு நிமிடத்தில் 400 மீட்டர் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். அது நல்லதா, குறைவா? அதே வயதில் நலமாக உள்ள பிள்ளைகள் எவ்வளவு நடப்பார்கள் என்று தெரியாமல் எந்த வைத்தியரும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. மூட்டுவாதக் காய்ச்சலால் இதய வால்வு பாதிக்கப்பட்ட பிள்ளைக்கும் தலசீமியா உள்ள பிள்ளைக்கும் இதே நிலைதான். நலமான பிள்ளைகளின் அளவு இருந்தால்தான் நோயுற்ற பிள்ளையின் குறை தெரியும்.

ஆறு நிமிட நடைச் சோதனை முதலில் பெரியவர்களுக்காக வந்தது. 1968-இல் அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 12 நிமிட ஓட்டத்தைக் கொண்டுவந்தார். நுரையீரல் நோயாளிகளால் அது தாங்க முடியாதது என்பதால் அதை நடையாக்கி நேரத்தையும் குறைத்துப் பார்த்தார்கள், ஆறு நிமிடம் நிலைத்தது. 2002-இல் அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் நெறிமுறை வெளியிட்டது. அதன்படி தட்டையான, கெட்டியான தரையில் 30 மீட்டர் நீளம் வேண்டும், இரு முனையிலும் ஒரு அடையாளம் வைக்க வேண்டும். பிள்ளை ஓடக்கூடாது; தன்னால் முடிந்த வேகத்தில் போவதும் திரும்புவதுமாக நடக்க வேண்டும். களைத்தால் நிற்கலாம், நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை சோதிப்பவர் எல்லாருக்கும் ஒரே வசனத்தையே சொல்லி ஊக்கப்படுத்த வேண்டும். பக்கத்தில் சேர்ந்து நடந்தால் பிள்ளை அவருடைய வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் அதுவும் கூடாது. முடிவில் நடந்த தூரத்தையும் நாடித் துடிப்பையும் எழுதிக்கொள்வார்கள்.

இந்த நுணுக்கங்கள் சின்ன விஷயம் இல்லை. 2008-இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் நான்கு வயதுப் பிள்ளைகள் சராசரியாக 383 மீட்டரும் ஏழு வயதுப் பிள்ளைகள் 488 மீட்டரும் நடந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஆஸ்திரிய ஆய்வில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளே 500 மீட்டரைத் தாண்டினார்கள். அங்கே பிள்ளைகளின் கையில் தூரம் அளக்கும் சக்கரம் ஒன்றைக் கொடுத்து உருட்டிக்கொண்டு நடக்கச் சொல்லியிருந்தார்கள். சக்கரம் கிடைத்த உற்சாகம் கால்களுக்கு வந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். ஹொங்கொங்கில் 7 முதல் 16 வயது வரையான 1,445 பிள்ளைகளின் சராசரி 664 மீட்டர். இந்த மூன்றில் எதைக் கல்முனைப் பிள்ளைக்கு அளவுகோலாக வைப்பது? எதையும் அப்படியே வைக்க முடியாது. காலின் நீளம், வெயில், தரை, செருப்பு, சோதிப்பவர் பேசும் விதம் எல்லாம் எண்ணை மாற்றிவிடும். நமக்கு நம் பிள்ளைகளின் அட்டவணைதான் வேண்டும்.

நடையை விடக் கடினமானது 20 மீட்டர் சுற்றோட்டம். கனடாவின் லூக் லெஜே 1982-இல் வெளியிட்டது. ஒலி எழும்போது 20 மீட்டர் கோட்டைத் தொட வேண்டும். இப்போதைய முறையில் மணிக்கு 8.5 கிலோமீட்டரில் தொடங்கி ஒவ்வொரு நிமிடமும் அரைக் கிலோமீட்டர் வேகம் கூடும், பிள்ளை பின்தங்கும் வரை போகும். இதயமும் நுரையீரலும் எவ்வளவு தாங்கும் என்பதை இதிலிருந்து கணிக்கலாம். 1981 முதல் 2014 வரை 19 நாடுகளின் பிள்ளைகள் இந்தச் சோதனையில் பெற்ற முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், அந்தத் தாங்கு திறன் ஏறத்தாழ 7 சதவீதம் குறைந்ததைக் கண்டார்கள். வேறு சோதனைகளும் உண்டு. ஜப்பான் பாடசாலைகளில் 1964 முதல் உடற்தகுதிச் சோதனை நடக்கிறது. கைப்பிடி வலு, நின்ற இடத்திலிருந்து தாண்டுதல், உட்கார்ந்து முன்னோக்கி வளைதல் எல்லாம் அதில் உண்டு. இந்தியாவில் கேலோ இந்தியா திட்டத்தில் பெரிய பிள்ளைகளுக்கு 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை இருக்கிறது.

சுற்றோட்டம் உச்ச முயற்சியைக் கேட்கும். ஆகவே இழுப்பு உள்ளவர்கள், நெஞ்சு வலித்தவர்கள், மயங்கி விழுந்தவர்கள், அண்மையில் காய்ச்சல் கண்டவர்கள் வைத்தியரைக் கேட்காமல் ஓடக்கூடாது. நடைச் சோதனையில் இந்த ஆபத்து மிகக் குறைவு. நம் பாடசாலைகளுக்கு அதுவே தொடக்கம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் பெண் பிள்ளைகள். உலகில் 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 சதவீதத்தினர் போதிய உடலசைவு இல்லாமல் இருக்கிறார்கள் என்று 2016-ஆம் ஆண்டுத் தரவைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் கணித்தது. ஆண் பிள்ளைகளில் 78 சதவீதம், பெண் பிள்ளைகளில் 85 சதவீதம். பின்னேரம் சாய்ந்தமருதுக் கடற்கரையிலும் மருதமுனைக் கடற்கரையிலும் பந்தடிப்பவர்களைப் பார்த்தால் இந்த வித்தியாசம் நம் கண்ணுக்கும் தெரியும். பையன்களுக்கு மணல் இருக்கிறது. பருவமடைந்த மகளுக்கு டியூஷன் வகுப்புக்குப் போய்வரும் பாதை மட்டும்தான். நடைச் சோதனைக்கு மைதானம் வேண்டாம், 30 மீட்டர் விறாந்தை போதும். பர்தாவோடு, பாடசாலைச் சீருடையோடு, ஆசிரியை ஒருவர் நேரம் பார்க்க நடந்துவிடலாம். செலவு ஒரு நாடாவும் ஒரு கடிகாரமும்.

காலை எட்டு மணிக்கு முன் வைத்தால் வெயில் தாக்காது. நோன்பு மாதத்தில் வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். முடிவுகளை எப்படி எழுதிவைப்பது என்று கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையின் இயன்மருத்துவர்களையோ பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்தையோ உடற்கல்வி ஆசிரியர்கள் கேட்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருக்க வேண்டும்: முடிவுகளை வகுப்பில் வாசிக்கக்கூடாது, நிரல்படுத்தி ஒட்டக்கூடாது. புலமைப்பரிசில் புள்ளியையே தெருவெல்லாம் ஒப்பிடும் ஊரில் இன்னொரு பட்டியல் பிள்ளையை நோகடிக்கும். பிள்ளையை அதன் சென்ற தவணை நடையோடு ஒப்பிட்டால் போதும். போன தவணை 560 மீட்டர் நடந்தவர் இந்தத் தவணை 470 நடந்தால், உம்மாவையும் வாப்பாவையும் தனியாக அழைத்து, இரவில் இருமுகிறாரா, சாப்பாடு எப்படி, முகம் வெளிறியிருக்கிறதா, எத்தனை மணிக்குத் தூங்குகிறார் என்று கேட்க வேண்டும். பதிலைக் கேட்ட பிறகு கிளினிக்குக்கு அனுப்புவதா, அடுத்த வாரம் மீண்டும் நடக்க வைத்துப் பார்ப்பதா என்று தீர்மானிக்கலாம்.