சேவையகங்களில் நினைவக நெருக்கடியும் அதன் சீராக்கமும்

சேவையகம் ஒன்றின் சுமை சிறிது சிறிதாகக் கூடுமாயின் அதன் வேகமும் சிறிது சிறிதாகவே குன்றும் என எண்ணுதல் இயல்பு. உண்மை அவ்வாறன்று. ஓரெல்லைவரை செவ்வனே தொழிற்படும் பொறி, அவ்வெல்லையைக் கடந்ததும் திடீரென நிலைகுலையும். வன்தட்டு ஓயாது உழைக்கும். வேலையோ ஏறத்தாழ ஒன்றும் முடியாது. இந்நிலையைத் 'திராஷிங்' என்பர்.

இதன் காரணத்தை அறிய மெய்நிகர் நினைவகத்தின் தோற்றத்தை நோக்குதல் வேண்டும். மாஞ்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டொம் கில்பேண் தலைமையில் உருவாகி 1962 ஆம் ஆண்டில் தொடக்கி வைக்கப்பெற்ற அட்லஸ் கணினியின் விரைவு நினைவகம் 16,384 சொற்களையே கொண்டிருந்தது. அதனோடு வேகங் குறைந்த உருளை நினைவகமொன்று இணைக்கப்பட்டது. நினைவகத்தை 512 சொற்கொண்ட பக்கங்களாகப் பகுத்து, வேண்டிய பக்கத்தைக் கொணர்தலையும் வேண்டாததை அகற்றுதலையும் பொறியே மேற்கொண்டது. இன்றைய சேவையகங்களும் இந்நெறியினையே தழுவுவன. பக்கம் மட்டும் பெரும்பாலும் 4,096 பைட்டு ஆயிற்று.

ஒரு செய்நிரல் குறித்த காலத்துள் மீண்டும் மீண்டும் நாடும் பக்கங்களின் தொகுதியைப் பீற்றர் டெனிங் என்பார் 1968 இல் வரையறுத்து ஆராய்ந்தார். இயங்கும் செய்நிரல்கள் யாவற்றினதும் இத்தொகுதிகள் நினைவகத்துள் அடங்குமளவும் இடரில்லை. அடங்காதவிடத்து, ஒன்றன் பக்கத்தை அகற்றியே மற்றொன்றன் பக்கத்தைக் கொணர வேண்டும். அகற்றியது அடுத்த கணமே மீள வேண்டப்படும். நினைவகத்தை அணுக ஏறத்தாழ 100 நனோசெக்கனும், சுழலும் வன்தட்டை அணுக ஏறத்தாழ 10 மில்லிசெக்கனும் செல்லும். முன்னையதை ஒரு செக்கன் எனக் கொண்டால் பின்னையது ஒரு நாளினும் மிகும். திண்மநிலை வட்டுகள் இவ்விடைவெளியைக் குறைத்தனவேயன்றி நீக்கவில்லை.

லினக்ஸில் 'சுவாப்பினெஸ்' என்னும் பரமானம் பலராலும் பிழைபட உணரப்படுகின்றது. அதன் இயல்புநிலைப் பெறுமானமாகிய 60 என்பது நினைவகத்தின் நூற்றுவீதமன்று. செய்நிரலின் தரவுப் பக்கங்களை மாற்றிடத்துக்கு அனுப்புவதா, பதுக்கிய கோப்புப் பக்கங்களைக் கைவிடுவதா என்பதற்கான சார்புச் செலவைக் குறிப்பது. மாற்றிடத்தை முற்றாக நீக்கினால் இடர் தீரும் என்பாரும் உளர். அது பொருந்தாது. அவ்வாறு நீக்கியவிடத்தும், கோப்பிலிருந்து வந்த செய்நிரற் கட்டளைப் பக்கங்கள் கைவிடப்பட்டு மீளமீள வாசிக்கப்படும். நெருக்கடி வேறு வாயிலாகப் புகும்.

வெற்று நினைவகம் குறைந்துள்ளதெனக் கண்டு அஞ்சுதலும் வேண்டா. பயன்படாத இடத்தைக் கோப்புப் பதுக்கலுக்கு வழங்குதல் லினக்ஸின் வழக்கம். நோக்கற்பாலது, நினைவகத்துக்காகச் செய்நிரல்கள் காத்துநின்ற காலமே. 2018 ஆம் ஆண்டின் 4.20 ஆம் பதிப்பு முதல், கடந்த 10, 60, 300 செக்கன்களில் அவ்வாறு கழிந்த காலத்தின் வீதத்தை லினக்ஸ் தானே அளந்து தருகின்றது. இதனைப் பாராது பரமானங்களை மாற்றுவோர் நாடி பாராது மருந்து கொடுப்போரை ஒப்பர்.

அளவை உயர்ந்து நிற்பின், முதற்கண் குறைக்க வேண்டியது ஒருங்கே இயங்கும் செய்நிரல்களின் தொகையே. 16 கிகாபைட்டு நினைவகமுள்ள பொறியில், ஒவ்வொன்றும் 100 மெகாபைட்டை இடைவிடாது நாடும் 200 செய்நிரல்கள் இயங்குவன எனக் கொள்க. அவற்றின் தேவை ஏறத்தாழ 20 கிகாபைட்டு. தொகையை 120 ஆக்கின் தேவை 12 கிகாபைட்டாகும். எஞ்சிய வேண்டுகோள்கள் வெளியே வரிசையில் நிற்கும். ஆயினும் உள்ளிருப்பவை விரைந்து முடிதலால், வரிசையில் நின்றோர்க்கும் விடை முன்னையினும் விரைவிற் கிட்டும்.