சாளரமும் வரைவியற் சூழலும்

சுவர் இருந்தாற்றான் சித்திரம் எழுதலாம் என்பது தமிழ் மக்கள் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கணினித் திரையிலே படம் வரையப் புகும் மாணவனுக்கும் இப்பழமொழி முற்றிலும் பொருந்தும். முக்கோணம் ஒன்றை வரைதற்குரிய கட்டளைகளைச் சில வரிகளில் எழுதிவிடலாம். ஆயின், அம்முக்கோணம் எவ்விடத்தில் தோன்றவேண்டும், அவ்விடத்தை உதவுவது யாது என்னும் வினாக்களுக்கு விடை காணாதவிடத்து அக்கட்டளைகளாற் பயனொன்றுமில்லை. அவ்விடமே சாளரம் எனப்படுவது. வரைதற்கு வேண்டிய கருவிகளும் நிறங்களும் ஏற்பாடுகளும் ஒருங்கே அடங்கிய தொகுதி வரைவியற் சூழல் எனப்படும். இவ்விரண்டும் எவ்வாறு ஆக்கப்படுகின்றன என்பதும், பலவகைக் கணினிகளுக்கும் பொதுவாய் அமைந்த நிரல் நூலகம் இதன்கண் ஆற்றும் பணி யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

சாளரமும் சூழலும் ஒன்றெனக் கருதுவோர் பலர். அவை இரண்டும் வெவ்வேறானவை. சாளரம் பணிசெயல் முறைமைக்கு உரியது. திரையின் எப்பகுதி எச்செய்நிரலுக்கு உரியது, விசைப்பலகையில் அழுத்தப்பட்ட எழுத்து எச்சாளரத்துக்குச் சேரவேண்டும் என்பனவற்றைத் தீர்மானிப்பது அம்முறைமையே. சூழலோ வரைவியற் செயலியை இயக்கும் மென்பொருளுக்கு உரியது. இப்போது தெரிவுசெய்யப்பட்டுள்ள நிறம் எது, நினைவகத்தில் ஏற்றப்பட்டுள்ள படங்கள் எவை, படத்தை ஆக்கும் சிறு நிரல்கள் எவை என்னும் செய்திகள் யாவும் சூழலிலேயே அடங்கியிருக்கும். இருவேறு தலைவர்களுக்கு உரிய இவ்விரு பொருள்களையும் இணைப்பதே இத்துறையிலுள்ள முதன்மையான இடர்ப்பாடு.

இவ்விடர்ப்பாடு தற்செயலாய்த் தோன்றியதன்று. அமெரிக்க நாட்டிலுள்ள சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனம் முதலில் ஐரிஸ் ஜி.எல். என்னும் வரைவியல் முறையைத் தன் கணினிகளுக்கென ஆக்கியது. அதிலே படம் வரைதலும் சாளரம் அமைத்தலும் விசைப்பலகையைக் கவனித்தலும் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. 1992 ஆம் ஆண்டில் அதனைப் பிற கணினிகளுக்கும் பொதுவாக்கி ஓப்பன் ஜி.எல். என்னும் பெயரில் வெளியிட்டபோது, சாளரம் பற்றிய பகுதி முழுவதும் நீக்கப்பட்டது. கணினிதோறும் சாளரம் வேறுபடும். ஆகவே அதனைப் பொது விதியுள் அடக்குதல் இயலாது என்பதே காரணம். இத்தீர்ப்பினால் ஓப்பன் ஜி.எல். எங்கும் பரவியது, அதனாலேயே சாளரம் அமைக்கும் சுமை செய்நிரல் எழுதுவோன் தலையில் வீழ்ந்தது.

அச்சுமை எத்துணைப் பெரிது என்பதை விண்டோஸ் முறைமையைக் கொண்டு விளக்கலாம். புதுமுறைச் சூழல் ஒன்றை ஆக்குதற்கு ஒரு தனிச் சார்பு உண்டு. அச்சார்பின் முகவரியைப் பெறுதற்கு ஏற்கெனவே ஒரு சூழல் நடைமுறையில் இருத்தல் வேண்டும். சூழல் இருக்கவேண்டுமாயின் சாளரம் ஒன்றிருந்து அதற்குப் படப்புள்ளி அமைப்பு வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஒருமுறை வகுத்த அவ்வமைப்பினை அச்சாளரத்துக்கு மீண்டும் மாற்ற முடியாது. ஆகவே, கண்ணுக்குத் தோன்றாத பொய்ச்சாளரம் ஒன்றையும் பொய்ச்சூழல் ஒன்றையும் முதலில் ஆக்கி, வேண்டிய முகவரிகளைப் பெற்றுக்கொண்டு, அவற்றை விடுத்து, மெய்ச்சாளரத்தைப் புதிதாய் ஆக்குதல் வேண்டும். லினக்ஸ் கணினியில் வழி வேறு. மாக் கணினியில் வழி முற்றிலும் வேறு. மூன்று கணினிகளில் ஓடவேண்டிய செய்நிரலுக்கு மூன்றுமுறை இவ்வாறு எழுதவேண்டுமெனின், படம் வரைதற்கு மாணவனுக்குப் பொழுது ஏது?

இத்தேவையை நிறைவுசெய்யவே பொது நூலகங்கள் எழுந்தன. சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய மார்க் கில்கார்ட் ஆக்கிய குளூட் என்பது அவற்றுள் முற்பட்டது. அது கற்பதற்கு எளிதாயினும், செய்நிரலின் ஓட்டத்தைத் தன் கையிற் கொண்டபின் திருப்பித் தராது. 1998 ஆம் ஆண்டிற் சாம் லாண்டிங்கா எஸ்.டி.எல். என்னும் நூலகத்தை வெளியிட்டார். ஒலி, விளையாட்டுப் பிடி முதலியனவும் அதன்கண் அடங்கும். 2002 ஆம் ஆண்டில் மார்க்கஸ் கீல்னார்ட் தொடக்கிய ஜி.எல்.எப்.டபிள்யூ. என்பது சாளரம், சூழல், உள்ளீடு என்னும் மூன்றளவில் நிற்பது. சிறிதாயிருத்தலின், முறையை விளங்கிக்கொள்வதற்கு அதுவே ஏற்றது.

அந்நூலகத்தின் வழி சாளரம் ஆக்கும் முறை வருமாறு. முதலில் நூலகத்தைத் தொடக்கிவைத்தல் வேண்டும். அடுத்து, வேண்டிய இயல்புகளைக் குறிப்புகளாக அறிவித்தல் வேண்டும். ஓப்பன் ஜி.எல்.லின் எப்பதிப்பு வேண்டும், நிறவாழம் எவ்வளவு என்பன இக்குறிப்புகள். சாளரம் ஆக்கப்பட்ட பின்னர் இவற்றைக் கூறுதல் வெள்ளம் வந்தபின் அணை கட்டுதலை ஒக்கும். இக்குறிப்புகளும் ஒரு தன்மையன அல்ல. நிறவாழம் கேட்டபடி கிடையாவிடின் அதற்கு நெருங்கியது தரப்படும். கேட்ட பதிப்புக்குக் குறைந்ததே கிடைக்குமாயின், ஆக்கமே தோல்வியுறும். தோல்வியுற்றவிடத்து வெறுமையே விடையாக வரும். அதனைச் சோதியாது மேற்செல்லும் செய்நிரல் இடைநடுவில் வீழ்ந்துபடும்.

மூன்றாவதாக, அகலம், உயரம், தலைப்பு ஆகியவற்றைக் கூறிச் சாளரத்தை ஆக்குதல் வேண்டும். சூழலும் உடன் தோன்றும். ஆயினும், தோன்றிய சூழல் உடனே நடைமுறைக்கு வருவதில்லை. அதனை நடப்புச் சூழலாக்குதல் நான்காவது படி. ஓர் இழையில் ஒரு காலத்தில் ஒரு சூழலே நடப்பில் இருத்தல் கூடும்; ஒரு சூழலும் ஒரு காலத்தில் ஓர் இழைக்கே உரியதாகும். இவ்விதியை அறியாதார், வேறோர் இழையிலிருந்து வரைந்துவிட்டுக் கருந்திரையை நோக்கி வருந்துவர். ஐந்தாவதாக, வரைதற்குரிய சார்புகளின் முகவரிகளைத் திரட்டுதல் வேண்டும். விண்டோஸ் முறைமை 1.1 ஆம் பதிப்பின் சார்புகளையே நேரே தருதலின், பிற்காலச் சார்புகள் யாவும் செய்நிரல் ஓடும்போதே கேட்டுப் பெறப்படவேண்டியன. சூழல் நடப்பில் இல்லாதபோது கேட்டாற் கிடையா. ஆகவே இப்படிகளின் வரிசை வெறும் மரபன்று. ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதைச் சார்ந்து நிற்பது.

இதன்பின் செய்நிரல் ஒரு சுழற்சியில் இயங்கும். படம் பின்னிடையகத்தில் வரையப்படும். முற்றுப்பெற்றதும் முன்னிடையகத்தோடு இடமாற்றப்படும். அரைகுறைப் படம் கண்ணிற் படாமைக்கு இதுவே உபாயம். 640 க்கு 480 புள்ளிகள் கொண்ட சாளரத்தில், புள்ளியொன்றுக்கு 4 பைற்று வீதம், இடையகம் ஒன்றுக்கு 12,28,800 பைற்று வேண்டும். இரண்டுக்கும் 24,57,600 பைற்று. செக்கனுக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் காலம் ஏறக்குறைய 16.7 மில்லிசெக்கன். ஒவ்வொரு சுழற்சியிலும் காத்திருக்கும் நிகழ்வுகளையும் கவனித்தல் வேண்டும். கவனியாதுவிடின், செய்நிரல் மறுமொழி தரவில்லையெனப் பணிசெயல் முறைமை முடிவுசெய்துவிடும்.

கற்போர் அடிக்கடி இடறும் இடம் வேறொன்றும் உண்டு. சாளரத்தின் அளவு திரை அலகிலும் இடையகத்தின் அளவு படப்புள்ளியிலும் கூறப்படும். செறிவு மிக்க மாக் திரையில் 640 க்கு 480 அலகுச் சாளரத்தின் இடையகம் 1280 க்கு 960 புள்ளிகள் கொண்டதாகும். சாளர அளவையே வரைபரப்பின் அளவாகக் கொடுத்தாற் படம் நான்கிலொரு பங்கில் ஒதுங்கி நிற்கும். தன் கணினியிற் செவ்வனே ஓடிய செய்நிரல் நண்பன் கணினியிற் பிழைப்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. இடையகத்தின் அளவைத் தனியே கேட்டறிதலே தக்க வழி.

சாளரத் தலைப்பைத் தமிழிலும் எழுதலாம். தலைப்பு யூ.ரி.எப். 8 என்னும் குறிமுறையில் அமைதலின் இதற்குத் தடையில்லை. ஆனால், 'தமிழ்' என்னும் சொல் இலக்கணத்தார் கணக்கில் மூன்றெழுத்து. ஒருங்குறிக் கணக்கில் ஐந்து குறிகள். பைற்றுக் கணக்கிற் பதினைந்து. விசைப்பலகையிலிருந்து வரும் உள்ளீட்டையும் நூலகம் குறி குறியாகவே தரும். ஒரு குறியை ஓரெழுத்தெனக் கொண்டு அழிக்கும் செய்நிரல், ழகர மெய்யின் புள்ளியை மட்டும் அழித்து உயிர்மெய்யை நிறுத்திவிடும். அன்றியும், சாளரத்தினுள்ளே எழுத்துக்களை வரைதல் இந்நூலகத்தின் பணியன்று. கொம்பும் காலும் உரிய இடத்தில் அமைய எழுத்துருவை ஒழுங்குசெய்தற்கு ஹார்ப்பஸ் போன்ற வேறு நூலகத்தை நாடுதல் வேண்டும்.

பொது நூலகம் வேற்றுமைகளை மறைக்கும், ஒழிக்கமாட்டாது. லினக்ஸ் கணினிகளில் எக்ஸ் முறைமைக்கு மாற்றாக 2008 ஆம் ஆண்டிற் தொடங்கிய வேலண்ட் முறைமையில், சாளரம் தன் இடத்தைத் தானே குறித்துக்கொள்ள முடியாது. அதனைச் செய்யும்படி நூலகத்தைக் கேட்டாலும், இயலாதென்ற பிழைச்செய்தியே கிடைக்கும். அப்பிள் நிறுவனம் 2018 ஆம் ஆண்டில் ஓப்பன் ஜி.எல்.லைக் கைவிடத்தக்கதென அறிவித்தது. மாக் கணினிகளில் அது 4.1 ஆம் பதிப்பைக் கடந்து செல்லவில்லை. 4.3 ஆம் பதிப்பைக் கேட்கும் செய்நிரலுக்கு அங்கே சூழல் கிடையாது. நூலகம் எத்துணைத் திறமை வாய்ந்ததாயினும், கீழேயுள்ள முறைமையில் இல்லாததைத் தானாகப் படைத்துத் தரவல்லதன்று.

ஆதலின், நூலகத்தின் துணையை மாணவன் பெறுதல் நன்றே. அதன் அடியில் நிகழ்வதை அறியாதிருத்தல் நன்றன்று. ஆறு வரிகளைப் பிறர் எழுதியபடி எடுத்தெழுதிச் சாளரத்தைத் திறப்பது எவர்க்கும் எளிது. அவ்வரிகளுள் ஒன்று இடம்மாறிக் கருந்திரை தோன்றும்போது, எந்தப் படி எதனைச் சார்ந்து நின்றது என அறிந்தவனே பிழையைக் கண்டுபிடிப்பான். 2016 ஆம் ஆண்டில் வெளிவந்த வல்கன் முறையில் நடப்புச் சூழல் என்பதே இல்லை; நூலகம் சாளரத்தை மட்டும் தந்து ஒதுங்கிவிடும், மற்றையவற்றை எழுதுவோனே வெளிப்படையாய் ஆக்கவேண்டும். ஆறு வரிகளை மனனஞ் செய்தவன் அங்கே புதிதாய்த் தொடங்கவேண்டியவனாவான். சாளரம் ஒருவருடையது, வரைதல் மற்றொருவருடையது, இணைப்புத் தனிவேலை என்பதை உணர்ந்தவனுக்கோ முன்பு கற்றது அங்கும் பயன்படும்.