அசையும் முத்திரையும் அசையா நாணயமும்

வெள்ளிக்கிழமைகளில் ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தைக்குச் செல்லும் அன்பர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். விலை படிந்தவுடன், வியாபாரி தாம் வாங்கிய ஆட்டின் முதுகில் சாயத்தால் ஒரு குறி இடுகிறார். எழுத்தறியாதவரும் அக்குறியைக் கண்டு, ஆடு இன்னாருடையது என்று தெரிந்து கொள்கிறார். வணிகச் சின்னத்தின் தத்துவம் முழுவதும் இச்சாயக் குறியில் அடங்கியிருக்கிறது. ‘இது எம்முடையது; இதற்கு யாமே பொறுப்பு’ என்பதே அதன் பொருள்.

இதன் அருமை நமது வட்டாரத்திற்கு நன்கு விளங்கும். ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தைக்கப்படும் காலணிகள் பல, அயல்நாட்டு வணிகப் பெயர்களைத் தாங்கியே கப்பலேறுகின்றன. உழைப்பு நம்முடையது, பெயர் பிறருடையது. இந்நிலையில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தன் துணியில் தன் சொந்த முத்திரையைப் பொறித்து விற்பது சிறிய காரியமன்று. 1935-ஆம் ஆண்டில் தோன்றிய கோ-ஆப்டெக்ஸின் வண்ணத்துப்பூச்சிச் சின்னத்தைத் தமிழகத்தில் அறியாதார் அரியர்.

இத்தகைய முத்திரைகளைத் திரைப்படம்போல் அசையச் செய்யும் ஆசை இப்பொழுது சங்கங்களிடையே பிறந்திருக்கிறது. ஆசை புதியதன்று. ஜெமினி நிறுவனத்தின் குழலூதும் இரட்டைச் சிறுவர்களும், ஏ.வி.எம். சின்னத்தோடு ஒலிக்கும் இசையும் தமிழ் ரசிகர்களின் நெஞ்சில் பதிந்தவை. அன்று அதற்குப் படப்பிடிப்பு நிலையமும் கலைஞர்களும் தேவைப்பட்டனர். இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அவ்வேலையைக் கைப்பேசிக்குள் கொண்டு வந்துவிட்டன. எழுத்தில் சொன்னதைச் சலனப்படமாக்கும் ‘சோரா’வை ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. கூகுள் நிறுவனம் 2025 மே மாதத்தில் வெளியிட்ட ‘வியோ 3’ படத்தோடு ஒலியையும் சேர்த்தே உண்டாக்கியது.

இக்கருவிகள் வேலை செய்யும் விதத்தை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். எண்ணற்ற படங்களையும் காட்சிகளையும் கொண்டு கணினி பயிற்றப்படுகிறது. நாம் ஒரு சின்னத்தைக் கொடுத்து, ‘ஒளி பரவட்டும், நூல் ஓடட்டும்’ என்று எழுதினால், அது வெறும் புள்ளிக் குழப்பத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாகத் தெளிவாக்கி, சில விநாடிக் காட்சியை அமைக்கிறது. அடுத்த கணம் எப்படி இருக்கக்கூடும் என்பது அதன் ஊகமே. அதற்குத் தறியும் தெரியாது. தமிழ் எழுத்தும் தெரியாது.

இவ்வூகம் எங்கே இடறுகிறது என்பதை நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு லுங்கி நெசவாளர் சங்கத்தில் நேரிற் கண்டோம். வட்டத்தின் நடுவே நாடா, சுற்றிலும் சங்கத்தின் பெயர்: இதுவே அவர்களது சின்னம். அங்கத்தினர் ஒருவரின் புதல்வர் ஒரே மாலையில் அதைப் படமாக்கிக் கொண்டு வந்தார். நாடா பறந்தது; நூல் மின்னியது; துணி விரிந்தது. நிர்வாகக் குழுவினர் கைதட்டினர். மூத்த நெசவாளர் ஒருவர் மட்டும் மீண்டும் ஒருமுறை போடச் சொன்னார்.

“தம்பி, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மிதியை யார் மிதித்தார்கள்? பாவு திறக்காமல் நாடா எப்படிப் போயிற்று?”

“அது இயந்திரம் வரைந்தது, பெரியப்பா.”

“நமது லுங்கியில் கட்டத்திற்கு நான்கு கோடு. இதிலே ஒரு நேரம் நான்கு, மறு நேரம் ஆறு. இதைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு எந்தத் துணியை எடுத்துக் கொடுப்பாய்?”

குழுவினர் வாயடைத்துப் போயினர். உற்று நோக்கியபோது, சங்கத்தின் பெயரிலேயே இரண்டு எழுத்துக்கள் உருத்திரிந்திருந்தன. எனினும் அப்படத்தை அவர்கள் தூக்கி எறிந்துவிடவில்லை, திருத்திக் கொண்டனர். அம்முதியவரின் தறியையே கைப்பேசியில் படம் பிடித்தனர். சின்னத்தின் மீது ஒளி நகர்வதற்கு மட்டும் கருவியைப் பயன்படுத்தினர். முடிவில் அசல் சின்னத்தையே அசையாமல் நிறுத்தி, எழுத்துக்களைத் தனியே பதித்தனர். படம் முன்னினும் எளிமையாயிற்று, உண்மையுமாயிற்று.

விவசாய அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். நமது அணைக்கட்டு வட்டத்து இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. கருவி வரையும் படத்தில் முள் மறைந்து வழவழப்பான கத்திரிக்காய் தோன்றுமாயின், மறைவது முள் மட்டுமன்று. பெயருக்குரிய அடையாளமே மறைகிறது. 2006 ஜூன் 28-இல் அறிமுகமான கைத்தறி முத்திரை, பாவும் ஊடையும் பின்னிய உருவம் கொண்டது. அதுபோன்ற பொதுச் சின்னங்கள் நமக்குச் சொந்தமல்ல; அவற்றைக் கருவியிடம் கொடுத்து உருமாற்றுதல் கூடாது.

இம்முயற்சியில் இறங்கும் சங்கங்களுக்குச் சில யோசனைகள். பல சங்கங்களில் சின்னம் ரப்பர் முத்திரையிலும் பெயர்ப்பலகையிலும் மட்டுமே இருக்கிறது. முதலில் அதைப் பெரிதாக்கினாலும் மங்காத கோட்டுருவாகக் கணினியில் வரையச் செய்து பத்திரப்படுத்துக. படத்தின் முதற் சட்டமும் இறுதிச் சட்டமும் மாறாத சின்னமாகவே இருக்கட்டும். பொருளையும் தறியையும் காமிராவால் எடுக்க. கருவியால் புனைய வேண்டா. செலவுக்கு முன்னதாகவே தீர்மானம் நிறைவேற்றுக. கணக்கும் கடவுச்சொல்லும் ஏஜெண்டின் பெயரில் அன்றிச் சங்கத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். இலவசப் பதிப்பை வணிகத்திற்குப் பயன்படுத்தலாமா என்பதை நிபந்தனைகளைப் படித்தறிக. செயற்கையாக உருவாக்கிய காட்சியென்றால், அதை வெளிப்படையாகக் குறிப்பிடுக.

இறுதியாக ஒன்று. படத்தை வெளியிடுமுன் தறியில் அமர்பவரிடமும் வயலில் நிற்பவரிடமும் காட்டுங்கள். அவர்கள் ‘இது நம்முடையதுதான்’ என்று சொன்னால் வெளியிடுங்கள், தயங்கினால் நிறுத்துங்கள். முத்திரை எவ்வளவு வேண்டுமானாலும் அசையலாம். அதன் பின்னுள்ள வாக்கு அசையலாகாது.