தடைச் சட்டம் எந்தத் துவக்கைப் பார்க்கிறது?

பட்டிப்பொல, இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம். கடல்மட்டத்திலிருந்து 6,224 அடி. நிலையத்துக்குக் கீழே லயத்தை ஒட்டி உருளைக்கிழங்கு போட்டிருந்த ஒரு பெரியவர், காட்டுப்பன்றி கிளறிய பாத்தியைக் காட்டிவிட்டு என்னிடம் கேட்டார்: “ஏன் தம்பி, வெளிநாட்டுல துவக்க கண்ணாடி அலுமாரியில அழகுக்கு அடுக்கி வைக்கிறாங்களே, அவங்கள யாரும் புடிக்க மாட்டாங்களா?” மகனின் ஃபோனில் பார்த்திருக்கிறார். துவக்கு என்றாலே சோதனைச்சாவடியை நினைக்கிற நமக்கு இது நியாயமான சந்தேகம்தான்.

பிடிப்பார்களா இல்லையா என்பது, சட்டம் துவக்கை எப்படி வரையறுக்கிறது என்பதில் இருக்கிறது. பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். 1996 மார்ச் 13 அன்று ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் பாடசாலையில் ஒருவன் 16 பிள்ளைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் கையிலிருந்தவை அனுமதிப்பத்திரம் பெற்ற கைத்துப்பாக்கிகள். அடுத்த ஆண்டில் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தது. அவை அளவுகோலால் அளந்தன: குழல் 30 சென்ரிமீற்றருக்குக் குறைந்தாலோ, மொத்த நீளம் 60 சென்ரிமீற்றருக்குக் குறைந்தாலோ தடை. முதற் சட்டம் விட்டுவைத்த .22 இலக்குத் துப்பாக்கிகளையும் இரண்டாவது சட்டம் எடுத்துக்கொண்டது. ஒலிம்பிக் வீரர்கள் பயிற்சிக்குக் கடல் கடந்து போனார்கள். 2012 இலண்டன் ஒலிம்பிக்கிற்கு அரசு விசேட அனுமதி கொடுக்கவேண்டி வந்தது. அந்தப் போட்டியில் 25 மீற்றர் துரிதச் சுடுதலில் வெள்ளி வென்ற இந்தியாவின் விஜய் குமார் பிடித்திருந்த வகைத் துப்பாக்கியை, அதே நகரவாசி ஒருவர் சாதாரணமாக வீட்டில் வைத்திருக்க முடியாது.

ஆனால் சேகரிப்பாளருக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. 1919க்கு முன் செய்யப்பட்டு, தோட்டா எளிதில் கிடைக்காத துப்பாக்கியைச் சேகரிப்பாக வீட்டில் வைக்கலாம். அரியது, அழகானது, வரலாற்று முக்கியத்துவம் உடையது என்றால் பிஸ்லி போன்ற குறித்த இடங்களில் பூட்டி வைத்து அங்கேயே சுடலாம். எல்லாவற்றுக்கும் பத்திரம் வேண்டும்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கலிபோர்னியாவின் 1999ஆம் ஆண்டுச் சட்டம் நீளத்தை அளக்கவில்லை, உறுப்புகளை எண்ணியது. கழற்றக்கூடிய தோட்டாக்கூடு கைப்பிடிக்கு வெளியே இருந்தால் அந்தக் கைத்துப்பாக்கி ‘தாக்குதல் ஆயுதம்’. ஜேர்மன் வோல்தர் ஜிஎஸ்பி போன்ற போட்டித் துப்பாக்கிகளில் சமநிலைக்காகத் தோட்டாக்கூடு விசைக்கு முன்னால் இருக்கும். ஐந்து ரவை போட்டு அட்டையைத் துளைக்கும் கருவி, கொலைக்கருவிப் பட்டியலில் போய் விழுந்தது. பிறகு ஒலிம்பிக் துப்பாக்கிகளைப் பெயர் பெயராக எழுதி விலக்கு அளித்தார்கள். முறையிட அவர்களுக்குச் சங்கம் இருந்தது, கேட்க ஆள் இருந்தது.

இலங்கையில் அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கு மாவட்டச் செயலாளர் அனுமதி கொடுப்பார், தற்காப்புத் துப்பாக்கிக்குப் பாதுகாப்பு அமைச்சு. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் தானியங்கித் துப்பாக்கியைத் தனியே பிரித்தது. அனுமதியின்றி ஒரு ரி-56 வைத்திருந்ததற்கே ஆயுள் தண்டனை வரை போகிறது. நாட்டில் சுற்றுகிற ரி-56கள் எத்தனை உயிரைக் குடித்தன என்று நமக்குத் தெரியும். அந்தத் தண்டனையின் கடுமையோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை, ‘வைத்திருந்தார்’ என்பது எப்படி நிரூபிக்கப்படுகிறது என்பதில். பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாகும். அது பலவந்தமாகப் பெறப்பட்டது என்று காட்டும் சுமை குற்றம்சாட்டப்பட்டவர் தலையில். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டுமல்ல, யுத்த காலத்தில் தோட்டத்து இளைஞர்களும் இந்தச் சட்டத்தின் கீழ் அள்ளப்பட்டார்கள்.

பெரியவரின் கேள்விக்கு வருவோம். பன்றிக்கு அவர் சட்டப்படி துவக்கு கேட்கலாமா? பயிர்ப் பாதுகாப்பு என்று விண்ணப்பித்தால் நிலம் தன் பொறுப்பில் இருப்பதைக் காட்ட வேண்டும். தலைமுறைகளாக இருக்கும் லயத்துக்கே அவரிடம் உறுதி கிடையாது. பாத்தி தோட்ட நிர்வாகத்தின் காணி. இதே மலைத்தொடரில்தான் மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேயர் ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டதாக எழுதப்பட்டிருக்கிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தவருக்கு நுவரெலியாவில் கல்லறையும் இருக்கிறது.

துவக்கு இல்லாத இடத்தில் சுருக்குக் கம்பி வருகிறது. அதற்குப் பத்திரம் கேட்க ஆளில்லை, பன்றி எது சிறுத்தை எது என்று கம்பிக்கும் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் சிக்கியது. உயிரோடு மீட்டார்கள்; சில நாட்களில் உடவளவையில் செத்துப்போனது.

பெரியவர் கம்பி வைப்பதில்லை என்றார். வேலியோரம் பழைய மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைத் தொங்கவிட்டு, கயிற்றின் மறுமுனையை லயத்து யன்னல் வழியாகக் கட்டிலுக்குக் கொண்டுபோயிருக்கிறார். சத்தம் கேட்டால் படுத்தபடியே இழுப்பாராம்.