காசு கொடுத்து நனைந்த கதை!

கோவில்பட்டிக்காரனுக்குக் கடலை மிட்டாயும் தண்ணீர்ச் சிக்கனமும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்ன வயதில் எங்கள் தெருக் குழாயில் ராத்திரி ரெண்டு மணிக்கு 'புஸ்'ஸென்று காற்று வரும். அவ்வளவுதான், தெருவே குடத்தோடு ஓடும். சீவலப்பேரியிலிருந்து புறப்படுகிற தாமிரபரணி எங்கள் குடத்துக்கு வந்து சேர்வதற்குள் விடிந்துவிடும். வரிசையில் அம்மா நிற்பாள். தூங்கி வழிந்தபடி நான் இடம் பிடிப்பேன்.

அப்பேர்ப்பட்டவன் ஆபீஸ் வேலையாகச் சிங்கப்பூர் போனேன். ஞாயிற்றுக்கிழமை நண்பன் செந்தோசா தீவுக்கு இழுத்துப் போனான். 2010-ல் திறந்த யுனிவர்ஸல் ஸ்டூடியோஸ்! வாசலில் சுற்றுகிற உருண்டைக்கு முன்னால் ஒரு போட்டோ. அப்புறம் நேரே ஜுராஸிக் பார்க் படகு சவாரி.

'நனைவீர்கள்' என்று எச்சரிக்கை வேறு. பிளாஸ்டிக் மழைக்கோட்டு விற்றார்கள். கரிசல்காட்டுக்காரன் மழைக்கோட்டுக்குக் காசு கொடுப்பானா? போங்க ஸார்!

வட்டமான படகு. சுற்றிலும் தண்ணீர் சுழித்து ஓடுகிறது. டைனோஸரைப் பார்த்து எல்லாரும் அலறுகிறார்கள். நான் மட்டும், 'இது எத்தனை குடம் இருக்கும்?' என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று இருட்டு. லிஃப்ட் மாதிரி படகு மேலே போகிறது. ராட்சஸ டைனோஸர் ஒன்று வாயைப் பிளக்க... தொபுக்கடீர்! தலையிலிருந்து ஷூ வரைக்கும் தெப்பம்.

எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் மனசில் சுருக்கென்றது. இடுப்பில் குடத்தோடு அம்மா.

"இவ்வளவு தண்ணியை வீணாக்குறாங்களே, மாப்ளே!"

"வீணா? அதே தண்ணியைத்தான் பம்ப் பண்ணிப் பண்ணி ஓடவிடுறாங்க. தண்ணி விஷயத்துல இந்த ஊரும் நம்ம ஊர்தான்டா."

அப்புறம் அவன் விவரம் சொன்னான். 1962-ல் போட்ட ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை எடுத்துக்கொள்ளலாம். 2061-ல் அது முடிகிறது. அதற்காக மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. கழிவுநீரைச் சுத்திகரித்து 2003-லேயே 'நியூவாட்டர்' என்று கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். தீவில் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழுகிற மழை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற கொஞ்ச மழையையும் தூர்ந்த கண்மாயில் தேக்க முடியாமல் விட்டுவிட்டு, சித்திரையில் வானத்தைப் பார்க்கிற கூட்டம் நாங்கள். ஈரச் சட்டையோடு தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன். தும்மல் காட்டிக்கொடுத்துவிட்டது.

"எய்யா, அங்கிட்டு மழையா?"

"இல்லம்மா... காசு குடுத்து நனைஞ்சேன்."

"எம்புட்டு?"

பாதியாகக் குறைத்துத்தான் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லாரித் தண்ணீர்க் கணக்குப் போடுகிறாள் போலிருக்கிறது!

"நல்லா நனைஞ்சியாய்யா?"

"நல்லா நனைஞ்சேம்மா."

"சரி, போகட்டும். நம்ம வீட்ல ஒருத்தனாவது ஆசை தீர நனைஞ்சானே. தலையத் துவட்டு."