எண்களின் தெரு - 14: 691 வைத்த அடையாளம்

கொட்டிவாக்கத்தில் எங்கள் மாடி வீட்டு பிளஸ் டூ மாணவி ஞாயிறு காலை நாள்காட்டித் தாளோடு வந்தாள். போன வாரம் கடைசி வரியில் நான் விட்டுவைத்த எண்ணை அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்தாள்: 80561663527802406257321747. 26 இலக்கப் பகா எண்.

"கால்குலேட்டர் பாதி இலக்கத்தை முழுங்கிடுது அங்கிள். இதுல அப்படி என்ன இருக்கு?"

கடல்காற்றில் தாள் பறக்காமல் டம்ளரை மேலே வைத்தேன்.

கேம்பிரிட்ஜில் இருந்த ராமானுஜன் 1916-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முடிவில்லாத ஒரு பெருக்கலை விரித்தால் கிடைக்கும் கெழுக்களின் வரிசை அதில் வருகிறது: 1, −24, 252, −1472, 4830, −6048... இதற்கு 'டௌ' என்று பெயர். 30 இடங்கள் வரை அவரே கணக்கிட்டு அட்டவணை போட்டார். 2-ஆம் இட மதிப்பையும் 3-ஆம் இட மதிப்பையும் பெருக்கினால் 6-ஆம் இட மதிப்பு வருகிறது. பொதுக் காரணி இல்லாத எந்த இரண்டு இடங்களுக்கும் இது பொருந்தும் என்று அவர் ஊகித்தார். அடுத்த ஆண்டே கணிதவியலாளர் மோர்டெல் அதை நிரூபித்தார்.

இந்த வரிசையில் பகா எண் உண்டா? ஒற்றை எண்களின் வர்க்கமாக உள்ள இடங்களைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் இரட்டை எண்தான். குறியை விட்டுவிட்டுப் பார்த்தால், 9-ஆம் இடத்தில் 113643. அது 3-ஆல் வகுபடும். 25-ஆம் இடத்தில் 25499225, 5-இல் முடிகிறது. இப்படியே போய், 251-இன் வர்க்கமான 63001-ஆம் இடத்தில்தான் முதல் பகா எண் வருகிறது என்று 1965-இல் காட்டினார் கணிதவியலாளர் லேமர். அதுதான் தாளில் இருந்த எண். வரிசையில் அதற்குக் கழித்தல் குறி.

"இப்ப வேடிக்கையைப் பாரு" என்றேன். 1916 கட்டுரையில் இன்னொரு விதியும் உண்டு. எந்த இடமானாலும் சரி, அந்த இட எண்ணின் வகுத்திகளை 11-ஆம் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டு. அந்தக் கூட்டுத்தொகையை 691-ஆல் வகுத்தாலும், அந்த இடத்து மதிப்பை வகுத்தாலும், ஒரே மீதி.

63001-க்கு வகுத்திகள் மூன்றே: 1, 251, 63001. 251-இன் 11-ஆம் அடுக்கை 691-ஆல் வகுத்தால் மீதி 60. 63001-க்கு அதன் வர்க்கம், 3600. மொத்தம் 3661, மீதி 206. கழித்தல் குறியை நீக்கினால் 691−206, அதாவது 485.

"நீயே வகுத்துப் பாரு."

பள்ளிக்கூட நீள்வகுத்தல்தான். மூன்று நாள்காட்டித் தாள் தீர்ந்தது. கடைசி வரியில் 485. நம்பாமல் இன்னொரு தரம் வகுத்தாள், அதே 485.

ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் வகுபடாது என்பது எல்லாப் பகா எண்ணுக்கும் பொது. இந்த எண்ணை இன்னாரென்று சொல்வது, நாம் ஓரத்தில் எழுதிவிட்டு மறக்கும் மீதி. அந்த மீதியைச் சொல்லும் விதியை எழுதியவர் 1920-இல் போய்விட்டார். எண் வெளிவந்தது 45 ஆண்டுகள் கழித்து.

தாள்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "அதென்ன அங்கிள், குறிப்பா 691?"

பதிலுக்கு பெர்னூலியின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அடுத்த வாரம் போகலாம்.